இடப்பக்கத்துப் பிரேக்

வலது காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டுக்கு அடியில் ஒடுக்கி வைத்துக்கொண்டார் ஆவுடையப்பன். வண்டி வீட்டு வாசலை விட்டு இன்னும் ஒரு சாண் நகரவில்லை, மகள் வடிவு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறாள், அதற்குள் கால் அதுபாட்டுக்குப் பிரேக்கைத் தேடிப் போய்விட்டது. சவத்துக் கால். முப்பத்தொரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அதற்கு வேறு புத்தி கிடையாது. ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், சொல்லிக் கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக், இரண்டையும் அடியில் ஒரு கம்பி சேர்த்திருக்கும். எதை மிதித்தாலும் வண்டி நிற்கும், நிறுத்தினது யார் கால் என்று வண்டிக்குத் தெரியாது. பஸ்ஸில் போனாலும் அந்தக் கால் மிதிக்கிறது, மச்சினன் வீட்டுக் கல்யாண வேனில் மிதிக்கிறது, டிவியில் கார் பறந்தால் சோபாவில் இருந்தபடி தரையை மிதிக்கிறது. 'தரை தேஞ்சிரப் போகுது' என்பாள் செண்பகம். செண்பகம் அவர் பெண்டாட்டி. ஸ்கூலுக்கும் அவள் பேர்தான். செண்பகம் டிரைவிங் ஸ்கூல் என்றால் பாளையங்கோட்டையில் ஆட்டோக்காரர்கள் வழி சொல்வார்கள், பாதிப் பேர் அங்கே படித்தவர்கள். போகட்டும். இன்றைக்கு மிதிக்கக் கூடாது. இன்றைக்கு இரண்டு காரியம். டெஸ்ட் மைதானம் போய்ச் சேருகிறவரைக்கும் இந்தக் காலை அந்தப் பிரேக்கில் வைப்பதில்லை, அது ஒன்று. உண்மையைச் சொல்லிவிடுவது, அது இரண்டு. முதலாவதற்குக் காலைக் கட்டிப்போட்டால் போதும். இரண்டாவதற்கு வாயைத் திறக்கணும், அதுதான் கஷ்டம்.

"போலாமாப்பா?" என்றாள் வடிவு. போம்மா என்றார். இப்பல்லாம் அவள் கேட்கிறது இவ்வளவுதான். போலாமா, சாப்பிட்டாச்சா, சரிப்பா. ஆறு வாரமாகச் சரிப்பா. முன்னாலெல்லாம் இந்தப் பிள்ளை வாய் ஓயுமா, தெருநாய் குட்டி போட்ட கதையை அரை மணி நேரம் சொல்லுகிறவள். வண்டி பைய நகர்ந்து தெருமுனைக்கு வந்தது. முனையில் சர்ச் வருகிறதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு பண்ணியிருந்தார். சர்ச் வந்தது, சர்ச் போனது. சரி, பெட்ரோல் பங்க் வரட்டும். மெயின் ரோட்டில் ஏறுகிற பிள்ளையிடம் போய் என்னத்தச் சொல்ல, கவனம் சிதறும் இல்லையா, என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார், நியாயம் சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. பத்தரைக்கு டெஸ்ட். இதிலும் பாஸாகவில்லை என்றால் வேலைக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள், அவரிடம் இல்லை, அவள் அம்மாவிடம். சங்கரன்கோவில் பக்கத்தில் மண் பரிசோதனை வண்டி, கிராமம் கிராமமாகத் தானே ஓட்டிக்கொண்டு போய் வயல் மண்ணை எடுத்துச் சோதித்துச் சொல்கிற வேலை, படித்த படிப்புக்கு ஏற்ற வேலை, முப்பதாம் தேதிக்குள் லைசென்ஸைக் காட்டணும். ஊரில் உள்ள கிழவன் கிழத்திக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன் மகளுக்கு லைசென்ஸ் இல்லை. ஊருக்குத்தானே உபதேசம்.

இல்லை, நினைப்பைச் சுற்றிச் சுற்றி விடக் கூடாது, நடந்ததை நடந்தபடி நினைக்கணும். இருபத்திநாலு நாள் சொல்லிக் கொடுத்தார் மகளுக்கு. மற்றப் பிள்ளைகளுக்கு என்றால் ஒரு முறை இருக்கிறது. முதல் பத்து நாள், பயந்தவர்களுக்குத் தெரியாமல் இவர் காலால் ஒரு தாங்கு தாங்குவார், அவர்கள் கால் பட்டதும் பெடல் தானாக இறங்கும், தன் காலுக்கே அவ்வளவு பக்குவம் என்று முகம் மலரும், "ஆங், அப்படித்தான்" என்பார். பதினோராம் நாளிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவார். பதினைந்தாம் நாள் காலைப் பிரேக்கிலிருந்து தள்ளித் தரையில் வைத்துவிட்டு, இன்னைலேருந்து நீங்கதான் என்று சொல்லிவிடுவார். எந்தப் பிள்ளைக்கும் இந்த முறை தப்பினதில்லை. வடிவுக்கு மட்டும் எடுக்கவில்லை. பதினோராம் நாள் எடுக்கலாம் என்று நினைத்தார், அன்றைக்கு ஒரு மாடு குறுக்கே வந்தது. பதினைந்தாம் நாள் மழை. இருபதாம் நாள் ஒன்றுமே இல்லை, வெயில், காலி ரோடு, ஆனாலும் கால் எழும்பவில்லை. டெஸ்ட் அன்றைக்கு அவர் சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார், காலை நீட்டி வைத்துக்கொண்டு பேப்பரைப் பார்த்தார், அவர் எதற்குப் பிரேக்கைத் தொடப்போகிறார். மைதானத்துக் கடைசியில் நிறுத்தச் சொல்லி ஒரு டிரம் வைத்திருக்கிறார்கள். வடிவு தினமும் தொடுகிற மாதிரி பிரேக்கைப் பூப்போலத் தொட்டாள். வண்டி நிற்கவில்லை. நடக்கிற வேகம்தான், டிரம் உருண்டது, அவ்வளவுதான். ஃபெயில் என்று எழுதினார் இன்ஸ்பெக்டர். வடிவு இறங்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிற வழியில் கேட்டாள். "எப்பா, இத்தன நாளும் பிரேக் போட்டது யாரு?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நீதாம்மா, வேற யாரு, என்றார். அதற்குப் பிறகுதான் சரிப்பா, சரிப்பா.

பெட்ரோல் பங்க் போய்விட்டது. போனது கூடத் தெரியவில்லை, வலது பக்கம் திரும்பிப் பார்த்தால் பின்னால் தள்ளி நிற்கிறது. ரயில்வே கேட். கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு சைக்கிள்காரன் தோளில் வாழைத்தாரோடு ஆடி ஆடிப் போகிறான், வடிவு அவனுக்கு எட்டத்தில் வேகத்தைக் குறைக்கிறாள், குறைக்கிறாளா, குறைத்துவிட்டாள், அவர் கால் சீட்டுக்கு அடியில் விறைத்துப்போய்க் கெண்டைக்கால் இழுக்கிறது. மூச்சை விடு. உள்ளே இழுக்கிறதைவிட வெளியே விடுகிறதை நீட்டணும், நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடணும். நூற்றுக்கணக்கான பேருக்குக் கிளட்ச் விடச் சொல்லிக் கொடுத்தவனுக்கு ஐம்பத்துமூன்று வயசில் மூச்சு விடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லிக் கொடுத்தது ஜெசிந்தா மேடம், அவரிடமே கார் ஓட்டப் படிக்க வந்தவர். பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்கிறவர், நாற்பத்தெட்டு வயது, லாரியைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வார், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது என்பதையே நாலு கிளாஸ் சொல்ல வேண்டியிருந்தது. வடிவு ஃபெயிலான ஒரு வாரத்தில் அவருக்குப் பதினான்காவது கிளாஸ். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் வண்டி நின்றதும் திரும்பி, "சார், இப்ப பிரேக் போட்டது நான் இல்லையே" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பயல் கண்டுபிடித்ததில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல இவர் முழிக்க, அந்தம்மா சிரித்துவிட்டார். கூச்சப்படாதீங்க சார், எங்க தொழில்லயும் இந்தப் பிரேக் உண்டு, பிள்ளைக்கு வியாதின்னு கூட்டிட்டு வர்ற பாதிப் பேருக்கு இந்தக் கால்தான் வியாதி, என்றார்.

அடுத்த கிளாஸில் ஒரு சிநேகிதன் கதை என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன். சிநேகிதனுக்கு ஒரே பெண், சிநேகிதன் அவளுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பான், அதில் என்ன தப்பு மேடம், பெத்த மனம் பித்து இல்லையா. மேடத்துக்குத் தெரியாமலா இருக்கும், இருந்தாலும் கடைசிவரை சிநேகிதன் என்றே பேசினார், நல்ல மனுஷி. உங்க சிநேகிதனைத் தன்னையே ஒண்ணு கேட்டுக்கச் சொல்லுங்க, பயம் பிள்ளையோடதா, அவரோடதா? அதைப் பிரிச்சுப் பாக்காம ஒண்ணும் செய்ய முடியாது. அவரோட பயம்னா அவர்தான் சுமக்கணும், பிள்ளை தலையில வைக்கக் கூடாது. அப்புறம், உதவி பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லல சார், தெரிஞ்சு பண்ணச் சொல்லுங்க. தெரியாமப் பண்ணின உதவி ஒருநாள் தெரியவரும். அன்னைக்குப் பிள்ளை தான் ஜெயிச்சதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துச் சந்தேகப்படும். இவர் கிளட்ச்சு கிளட்ச்சு என்று கத்த, அந்தம்மா கிளட்ச்சை மிதித்துக்கொண்டே மேலே சொன்னார். சிநேகிதனைப் போய்ச் சொல்லிடச் சொல்லுங்க. தப்பே பண்ணாத அப்பா அம்மா யாரு சார் இருக்கா, தப்புப் பண்ணிட்டுத் திரும்பி வந்து ஒத்துக்கிறாங்களா, அதுதான் பிள்ளைக்கு வேணும். சொல்லும்போது 'ஆனா'ன்னு மட்டும் வரக் கூடாது. 'தப்புத்தான், ஆனா'ன்னு ஆரம்பிச்சா முன்னால சொன்னது செத்துப்போச்சு. அன்றிலிருந்து ஆவுடையப்பன் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார். நான்தாம்மா போட்டேன், ஆனா உன் நல்லதுக்கு. நான்தாம்மா போட்டேன், ஆனா ரோடு அப்படி. நான்தாம்மா போட்டேன், ஆனா அந்த லாரி. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் லாரி வந்து நிற்கிறது.

லாரி. நாலு வயசு அவளுக்கு, திருச்செந்தூர் ரோட்டில் பலூன்காரன் எதிர்ப்பக்கம், இவர் கையில் இருந்த கை இல்லாமல் போய்விட்டது. விரல் வழுக்கிக்கொண்டு போனது இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது, ஈரமான சின்ன விரல். ரோட்டு நடுவில் மஞ்சள் கவுன். லாரி டயர் கத்தின சத்தம். அவளுக்கு ஒரு முழம் தள்ளி பம்பர் நின்றது. யாரோ ஒரு டிரைவர், பேர் தெரியாது, முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, அவன் கால் சரியான நேரத்துக்கு இறங்கியிருக்கிறது. இவர் ரோட்டோரம் நின்று தரையை மிதித்துக்கொண்டிருந்தார், வெறுந்தரையை. அன்றைக்கு இறங்காத பிரேக்கைத்தான் அன்றிலிருந்து மிதித்துக்கொண்டிருக்கிறார் போல. ஏழாம் வகுப்பில் அவள் செய்த காற்றாலை மாடல் சுற்றவில்லை, அவள் டியூஷன் போன நேரத்தில் மோட்டாரை மாற்றி வைத்தார், மறுநாள் முதல் பரிசு. பேச்சுப் போட்டியில் பேரை எடுத்துவிட்டார்கள் என்று அழுதாள், இவர் டீச்சரைப் போய்ப் பார்த்து மறுபடி சேர்க்கச் சொன்னார், வீட்டில் வாய் திறக்கவில்லை, டீச்சர் மனசு மாறிட்டாங்கப்பா என்று அவள் குதித்தபோது அப்படியா என்றார். எத்தனை அப்படியா. அவளுக்குப் பயமே இருந்ததில்லை, அந்த மஞ்சள் கவுன் பயந்தா ஓடியது. பயந்தது இவர். இது என் பயம், இது என் பயம், என்று சொல்லிக்கொண்டார், ஜெபம் மாதிரி. அவள் தலையில் வைத்ததை இறக்கணும். இன்றைக்கே இறக்கணும். நாளைக்கு என்று ஒரு கேட் கிடையாது.

கேட் மூடியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தார், ஐயோ என்றும் நினைத்தார். வடிவு வரிசையில் கடைசியில் போய் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை அணைத்தாள். எல்லாம் முறைப்படி. முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவில் ஒரு பொம்பளை பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே பேசினார், மகளைப் பார்த்துப் பேச வரவில்லை. "வடிவு. அன்னைக்குக் கேட்டியே, பிரேக் போட்டது யாருன்னு." அவள் திரும்பவில்லை. "நான்தாம்மா போட்டேன். இருபத்திநாலு நாளும் போட்டேன். நீதான்னு சொன்னது பொய்." தொண்டை வரை வந்துவிட்டது அந்த வார்த்தை, ஆனா, ஆனா, எச்சில் போல விழுங்கினார். "தப்பு என்மேலதான்." அதோடு நிறுத்தினார். நிறுத்தினது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. "தெரியும்," என்றாள் வடிவு. "டிரம்ல இடிச்சப்பவே தெரியும். தெனமும் தானா உள்ள போன பெடலு, அன்னைக்குக் கல்லு மாதிரி நின்னுச்சு." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை நகத்தால் சுரண்டினாள். "அதுகூட சரிப்பா. கேட்டப்ப இல்லைன்னுட்டியளே. எனக்குத்தான் கிறுக்கோன்னு ஆறு வாரமா யோசிச்சுட்டு இருக்கேன்." ஒரு சாட்டையை எடுத்து வீசியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது அவருக்கு. பூக்காரி நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வேற எதெல்லாம்?" என்றாள். இதை அவர் எதிர்பார்க்கவில்லை, மனசுக்குள் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை. இதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல அரை விநாடி போதும், கால் எழும்புகிற அதே வேகத்தில் நாக்கும் எழும்பியது. மூச்சை விட்டார். காற்றாலை, என்றார். மோட்டாரு நான் மாத்தினேன். பேச்சுப் போட்டிக்கு டீச்சர்கிட்ட நான் போனேன். இன்னும் ரெண்டு மூன்று சொன்னார். சொல்லச் சொல்ல மகள் முகம் சுருங்கிக்கொண்டே போனது, கண் தளும்பிவிட்டது, பார்க்கப் பொறுக்கவில்லை, இருந்தும் நிறுத்தாமல் சொன்னார், பாதியில் நிறுத்தினால் அதுவும் ஒரு பிரேக்குதான். "அப்ப நானா எதையாவது செஞ்சிருக்கேனாப்பா?" சத்தமே இல்லாமல் கேட்டாள். தடதடவென்று ரயில் வந்தது, பேச முடியவில்லை. பெட்டி பெட்டியாகப் போக, அவர் தேடினார். இருபத்திரண்டு வருஷத்தையும் அலசித் தேடினார், திருடன் தன் வீட்டிலேயே திருடாத சாமானைத் தேடுகிற மாதிரி. ஆறுதலுக்கு ஒன்றைச் சொல்லக் கூடாது, உள்ளதைச் சொல்லணும், இல்லை என்றால் இல்லை என்றுதான் சொல்லணும். கடைசிப் பெட்டியும் போனது. "கெமிஸ்ட்ரி," என்றார். "ப்ளஸ் டூல நூத்துக்குத் தொண்ணூத்தாறு. அதுல நான் ஒண்ணும் பண்ணல, எனக்கு உப்புக்கும் சோடாவுக்கும் வித்தியாசம் தெரியாது." அவளுக்கு மூக்கில் ஒரு சிரிப்பு வந்தது, கண்ணீரோடு சேர்ந்து. அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. "இந்த வேலை. மண்ணு வண்டி. நீ அப்ளிகேஷன் போட்டதே எனக்குத் தெரியாதே. இன்டர்வியூக்கு சிநேகிதி கல்யாணம்னு சொல்லிட்டுல்லா போன. வேலை கெடச்சு ஆர்டர் வந்தப்புறம்தான் சொன்ன. சொல்லியிருந்தா நான் யாரையாவது போய்ப் பாத்திருப்பேன்." "அதனாலதான் சொல்லல," என்றாள் வடிவு. முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கேட் ஏறுகிறது, பின்னால் இருந்தவன் அதற்குள் ஹாரன் அடிக்கிறான், ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பந்தியில் இலைக்கு உட்கார்ந்த மாதிரி. "என்ன செய்திய?" என்றாள் வடிவு. "கால் உன் கண்ணுல படட்டும். நெசமாவே ஆபத்துன்னா ஹேண்ட் பிரேக்க இழுப்பேன், உன்கிட்ட சொல்லிட்டு இழுப்பேன்." அவள் சாவியைத் திருகிக் கியரைப் போட்டாள். பக்கத்துப் பைக்குக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான், சிரிக்கட்டும். தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது பூட்டின கால் தானாகத் தடுமாறியது, இரண்டு கையாலும் பெருவிரலைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் வலது கை பைய ஊர்ந்து ஹேண்ட் பிரேக் பக்கம் போயிருக்கிறது, அவருக்கே தெரியாது. "எப்பா, கை." எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் அதுவும் பொய், அடிவயிற்றில் மஞ்சள் கவுன் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஓடட்டும். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாதா என்ன, பெத்தவனுக்கு அதுதானே வேலை. முன்னால் போன மினி பஸ், ஸ்டாப்பும் இல்லை ஒன்றும் இல்லை, யாரோ கைகாட்டினான் என்று நடு ரோட்டில் டப்பென்று நின்றது. கால் துடித்தது, சம்மணத்துக்குள் மாட்டிக்கொண்டு துடித்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மூக்கை அமுக்கி, நின்றது. அவர் முழங்கால் போய் டேஷ்போர்டில் நங்கென்று இடித்தது. முரட்டு பிரேக். அவர் கால் இறக்கினால் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி நிற்கும், டம்ளர் தண்ணீர் அலம்பாது. இது அவர் பிரேக்கே இல்லை. மினி பஸ்ஸுக்கும் இவர்களுக்கும் நடுவில் தாராளமாக ஒரு ஆள் போகலாம். வடிவு முதலில் பஸ்ஸைப் பார்த்தாள், அப்புறம் குனிந்து அவர் காலைப் பார்த்தாள், பூட்டினபடியே இருக்கிறது. "இடிச்சிருச்சா?" என்றாள். இடிக்கட்டும் என்றார் முழங்காலைத் தடவிக்கொண்டு. மைதானம் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள், மினி பஸ்காரனைத்தான் திட்டினாள், ஆனாலும் பேசினாள்.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறதற்கு முன்னால் இறங்கிவிட்டார். "எப்பா, செருப்பு," என்று ஜன்னல் வழியாக நீட்டினாள், வாங்கிக்கொண்டார், நீ நல்லா செய்வம்மா என்று சொல்ல வாய் வந்தது, அதுவும் வேண்டாம் என்று தோன்றியது, அவளுக்கே தெரியட்டும். இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார, வண்டி நகர்ந்தது. வெயிலில் சரளைக்கல் வெறுங்காலைச் சுட்டது, செருப்பு இரண்டும் கையில் இருப்பதே அவருக்கு நினைப்பில்லை. இத்தனை வருஷத்தில் மைதானத்து ஓரத்தில் நின்றால் பிள்ளைகள் முகத்தைத்தான் பார்ப்பார், இன்ஸ்பெக்டர் பேனாவைப் பார்ப்பார், வண்டிப் பின்புறத்தைப் பார்த்ததில்லை. இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு திரும்பினாள். பின்னால் எடுத்து நேராக விட்டாள். கடைசியில் டிரம், நிமிர்த்தி வைத்து மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வண்டி அதைப் பார்த்துப் போகிறது. போகிறது. இப்ப, என்று உடம்பு சொல்லியது, வலது கால் சரளையை மிதிக்க எழும்பியது, எழும்பின கால் கீழே இறங்குவதற்குள் வண்டியின் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்துவிட்டன. ஒரு குலுக்கு. டிரம் நின்ற இடத்தில் நின்றது. ஆவுடையப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தார். அது பிந்திவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கால் பிந்திவிட்டது. அவர் செருப்பைக் கீழே போட்டு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.